ஜுமாகுல் நாற்று வளர்த்த வசந்தம்

ஏப்ரல் பாதி கடந்தும், இசிக்-குல் ஏரியோரத்துக் கரகோலில் யாரும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. ஆப்ரிகாட் மரங்கள் மொட்டு விட்டதோடு சரி, அதற்குமேல் துணியாமல் நின்றன. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று ஈரமாக வந்து எலும்பில் இறங்கியது.

ஜுமாகுல் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தெற்கே மலையைப் பார்ப்பாள். மலை பளிச்சென்று தெரிந்தால் ராத்திரி உறையப்போகிறதே என்று பயம். மலை மூடிக் கிடந்தால் பனி கொட்டப்போகிறதே என்று பயம்.

"உனக்கு எந்த வானமும் பிடிக்காது" என்பாள் பக்கத்து வீட்டு ஸோயா, வேலிக்கு அந்தப்பக்கம் கோழிக்குத் தவிடு போட்டபடியே. "கடவுள் என்னதான் பண்ணுவாரு பாவம்?"

கொல்லையில் இருந்தது ஒரு பசுமைக்குடில். பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது கிடைத்த ஜன்னல் சட்டங்களைச் சேர்த்து ஆணியடித்துச் சுவராக்கி, மேலே மரச்சட்டம் பாவி, பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள். உள்ளே ஓர் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றிப் படிப்படியாகப் பலகைகள். பலகை நிறையத் தட்டுகளும், தயிர் டப்பாக்களும், பாதியாக வெட்டின பால் அட்டைப்பெட்டிகளும். தக்காளி, குடமிளகாய், முட்டைக்கோஸ், பெட்டூனியா, சாமந்தி. அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் மே மாதம் மண்ணில் இறங்குகிற நாற்றெல்லாம் இங்கேதான் வளர்ந்தது. மிச்சம் சந்தைக்குப் போகும்.

ஜுமாகுல்லுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு வந்த கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மழலையர் பள்ளியில் சமையல்காரியாக இருந்த காலம். ஒரு வருஷம் சும்மா ஆசைக்கு ஜன்னலோரத்தில் கொஞ்சம் தக்காளி வளர்த்தாள். எல்லோரும் மே முதல் வாரத்தில் நாற்றை மண்ணில் நட்டார்கள். அவளுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து நடக்க முடியவில்லை, நடாமல் விட்டுவிட்டாள். அந்த வாரம் விழுந்த உறைபனியில் தெரு முழுக்கத் தக்காளி கறுத்துச் செத்தது. ஜன்னலோரத்தில் இருந்த அவளுடையது மட்டும் பிழைத்தது. "அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரேன்" என்றார்கள். அடுத்த வருஷம் தங்களுக்கும் சேர்த்து வளர்த்துத் தரச் சொன்னார்கள். பள்ளியை மூடினபிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. காய்ச்சலைப் பற்றிச் சொல்ல நேரம் வாய்க்கவே இல்லை. ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் அவளுக்கு ஒரு நடுக்கம்: இந்த வருஷம் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த வருஷம் அந்த நடுக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

மார்ச் தொடக்கத்தில், குளியல் கொட்டகையில் நீராவிக்கு நடுவே சோப்புப் போடும்போது, இடது மார்பின் ஓரத்தில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவு. வலியில்லை. கரி வாளி தூக்கித் தூக்கிச் சதை பிடித்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மறுநாளும். தட்டுகளில் விதை முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் பார்ப்பாள். விதை முளைத்தது, கட்டியும் அப்படியே இருந்தது. புருஷனிடம் சொல்லவில்லை. தலைநகரில் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் நூர்ஜாத்திடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது ஸோயாதான். நாற்றுத் தட்டை மேல் பலகைக்குத் தூக்கும்போதெல்லாம் ஜுமாகுல்லின் கை தன்னையறியாமல் அக்குளுக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள்.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்குக் கை போவுது?"

ஜுமாகுல் சாமந்தி நாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸோயாவுக்கு வாய் பெரிது. ஆனால் அன்றைக்கு அவள் தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. "நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வரே. வரலேன்னா ஒன் புருஷன்கிட்ட நானே சொல்லிடுவேன். எப்படிச் சொல்லுவேன்னு ஒனக்கே தெரியும்" என்றாள்.

உள்ளூர் டாக்டர் அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார், தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே கொடுத்த தேதி, நாற்று இருக்கிற நிலைமைக்கு ஆகாத தேதி. ஜுமாகுல் போன் பண்ணித் தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டது எப்படியோ மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, தக்காளி செத்தா வேற தக்காளி போடலாம்" என்றாள் நூர்ஜாத் போனில். "நீ இப்ப வரலேன்னா நான் வேலய விட்டுட்டு வந்து ஒன்னத் தூக்கிட்டுப் போவேன்."

"இன்னும் ரெண்டு வாரம்தாண்டி. வெய்யில் திரும்பிடட்டும்."

"இந்த வருஷம் வெய்யில் திரும்பலேன்னா?"

ஜுமாகுல் திரும்பி மலையைப் பார்த்தாள். அவளும் அதைத்தான் நினைத்துக் கொண்டிருந்தாள். ஸோயாவோ தன் பங்குக்கு வேலியோரம் வந்து நின்றாள். இறந்தவர்களை நினைக்கிற 'பெற்றோர் நாள்' அன்று கல்லறையில் வைக்க வருஷா வருஷம் பெட்டூனியா வாங்குகிறவள் அவள். "எங்க வீட்டுக்காரரு கெனாதிக்குப் பூ வேணும்னுதானே யோசிக்கறே? செத்தவருக்கு அவசரமில்ல. நீ போ."

அன்று மாலை குபாத்திடம் சொல்லவேண்டியதாயிற்று. குபாத் அவள் புருஷன். கரகோலுக்கும் கிசில்-சூவுக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவர். டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நாத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்களா?"

"ஏன், முப்பது ஜனத்த ஏத்தி எறக்கறேன். நாத்த ஏத்தி எறக்க மாட்டேனா?"

மறுநாள் குடிலுக்குள் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"தண்ணிய வாளியில புடிச்சு உள்ளயே வெச்சிருங்க. கொழாத் தண்ணிய அப்படியே ஊத்தினா வேர் செத்துடும்."

"தண்ணி குளிருமா அதுக்கு?"

"கொடமொளகாய்க்குக் குளிரும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பச்சத்தண்ணியிலதான் மொகம் கழுவறேன். ஒருநாளாச்சும் எனக்கு வாளியில புடிச்சு வெச்சிருக்கியா?"

"நீங்க கொடமொளகா இல்லீங்களே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெய்யில் ஏறினா கதவத் தெறந்து காத்து காட்டுங்க. இல்லேன்னா தண்டு அழுகிடும். மேகம் வந்தா மூடிடுங்க."

"நான் வண்டி ஓட்டறதா, வானத்தப் பாத்துட்டே நிக்கறதா?"

"ரெண்டும்தான். நான் அப்படித்தானே சமைச்சுட்டு இருந்தேன்."

தலைநகரில் மகளின் வாடகை அறையில் தங்கினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். முடிவுக்குச் சில நாள் ஆகும் என்றார்கள். அங்கே மழை, மழையோடு சேர்ந்த குளிர். ஜுமாகுல் ஜன்னலருகே உட்கார்ந்து எதிர்வீட்டுத் தகரக்கூரையில் நீர் ஓடுவதைப் பார்த்தாள். இங்கே மழை என்றால் அங்கே என்ன என்று அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதலிரண்டு நாளும் போனில் குபாத்தின் குரல் கேட்டது. "எல்லாம் சொகம். தக்காளி ஒன்னத்தான் விசாரிச்சுது" என்றார். பின்னால் அடுப்புக் கதவு கிரீச்சிடுவது கேட்டதில் அவளுக்குப் பாதி நிம்மதி. கட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போன் போகவில்லை. முதலில், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். பிறகு மலைத்திருப்பத்தில் இருப்பார் என்று நினைத்தாள். மத்தியானமும் போகவில்லை. ஸோயாவுக்கு அடித்தாள், அதுவும் அணைந்து கிடந்தது. செய்தியில் இசிக்-குல் பக்கம் பலத்த பனி, மின்கம்பங்கள் சாய்ந்தன என்றார்கள். ஈரப்பனி. அதுதான் ஆகாது. உலர்ந்த பனி வழுக்கி விழுந்துவிடும். ஈரப்பனி குடிலின் தாள்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது.

"அப்பா பெரியவரும்மா. பனிக்குப் பயந்து ஓடிட மாட்டாரு" என்றாள் நூர்ஜாத்.

"கூர மேல ஏறியிருப்பாரு. பனிய வழிக்கறேன்னு ஏறியிருப்பாரு. அந்தச் சட்டம் அவரத் தாங்காது."

"நீ நாத்துக்குப் பயப்படறியா, அப்பாவுக்குப் பயப்படறியா?"

ஜுமாகுல் போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் நெஞ்சில் ஒரே இடத்தில், அந்தக் கட்டி இருந்த இடத்திலேயே வந்து நின்றது.

மறுநாள் முடிவு வாங்கப் போனார்கள். நடைக்கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜுமாகுல் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் நாரினிலிருந்து வந்த பெண் ஒருத்தி, பையிலிருந்து உலர்ந்த தயிருருண்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா அக்கா? இப்படித் தவிக்கறீங்களே."

"கொடமொளகாய்க்கு" என்றாள் ஜுமாகுல்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு ஜுமாகுல்லின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "எங்க வீட்ல கன்னு போடற நேரம்" என்றாள். "எந்த மாடு எப்ப போடும்னு அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்." அதற்கப்புறம் இருவரும் தயிருருண்டையைச் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா வயதில் சின்னவர், கண்ணுக்கடியில் கருவளையம். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கட்டியில செல் சிலது சரியா இல்ல. கெட்டதுன்னும் சொல்ல முடியல, நல்லதுன்னும் சொல்ல முடியல. முழுசா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அறுக்கணுமா?"

"ஆமா. சீக்கிரமா."

"மே முடிஞ்சதும் வரட்டுமா?"

"அடுத்த வாரம் வாங்கம்மா." அவர் குரலில் கடுமை இல்லை. ஆனால் அந்த வார்த்தையை அசைக்கவும் முடியாது என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் ஜுமாகுல் சொன்னாள், "நான் இப்பவே ஊருக்குப் போவணும்." நூர்ஜாத் தானே போய் ஷேர் டாக்ஸியில் முன்சீட்டுப் பிடித்துக் கொடுத்தாள்.

வழி நெடுக டாக்ஸிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். தென்கரையில் கரண்ட் இல்லையாம், செல்போன் கோபுரமும் படுத்துவிட்டதாம், எவரோ ஒருவரின் ஆட்டுக்கொட்டகை சரிந்ததாம். ஜுமாகுல் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். ஏரி சாம்பல் நிறத்தில் ஓரத்தில் வந்துகொண்டேயிருந்தது. ஊர் நெருங்க நெருங்கச் சாலையோர மரங்கள் பனியோடு முறிந்து தொங்கின. ஆப்ரிகாட் மொட்டெல்லாம் போயிற்று.

வீட்டு வாசற்கதவு திறந்தே கிடந்தது. கொல்லையில் குடில் இல்லை. ஜன்னல் சட்டங்கள் ஒரு பக்கம் நின்றன. கூரை உள்ளே விழுந்து, அதன்மேல் பனி மேடாகக் குவிந்திருந்தது. அடுப்புக்குழாய் மட்டும் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் "ஏங்க" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. குனிந்து பனியை வெறுங்கையால் தோண்டத் தொடங்கினாள்.

"அங்க தோண்டாதே. அங்க யாருமில்ல" என்று வேலிக்குமேல் ஸோயாவின் தலை தெரிந்தது. "வீட்டுக்கு அந்தப்பக்கம் போய்ப் பாரு. எங்க காதெல்லாம் போச்சு அந்தச் சத்தத்துல."

அப்போதுதான் இன்ஜின் ஓடுகிற சத்தம் ஜுமாகுல்லின் காதில் ஏறியது. வீட்டின் பக்கச்சுவரை ஒட்டி வேன் நின்றது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆவிக்குப் பின்னால் பச்சை நிறம். பக்கக் கதவைத் தள்ளினாள். வெதுவெதுப்பும் தக்காளி இலையின் கார மணமும் முகத்தில் அடித்தன. சீட்டுகளின்மேல் பலகை போட்டு, பலகைமேல் தட்டு, தட்டுக்குமேல் தட்டு. ஓட்டுநர் சீட்டில் குபாத், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, பெட்டூனியாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டதும் விழித்தார். அவளைப் பார்த்ததும் முதலில், "கதவ மூடு, சூடு போயிடும்" என்றார்.

அவள் மூடினாள். உள்ளே ஏறி, இரண்டு தட்டுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

பனி விடிகாலையிலேயே தொடங்கிவிட்டது என்றார். மேலே ஏறி வழித்திருக்கிறார். வழிக்க வழிக்கக் கொட்டியது. சட்டம் முனகியதும் இறங்கி, வேனைக் கொண்டுவந்து நிறுத்தித் தட்டுகளை மாற்ற ஆரம்பித்தாராம். ஸோயாவும் வந்து கைகொடுத்தாளாம். அவசரத்தில் போன் சட்டைப் பையிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. "நீ சொன்ன வாளிதான். தண்ணி நல்லா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு" என்றார். அன்றைக்கு வண்டி ஓட்டவில்லை. மறுநாள் கிசில்-சூவுக்கு மருந்து கொண்டுபோக ஆளில்லை என்று மருந்துக்கடைக்காரர் கெஞ்சியதில், நாற்றோடேயே ஒரு நடை போய்வந்தாராம். வழியில் ஏறிய கிழவர் ஒருவர், தக்காளிக்கெல்லாம் டிக்கெட் வாங்கிவிட்டாயா என்று கேட்டாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடி ஆவியை உள்ளங்கையால் துடைத்தார்.

"கொடமொளகாய எடுக்க முடியல. அது அந்தக் கடசில இருந்துச்சு. அதுக்குள்ள கூர வந்துருச்சு. தோண்டி எடுத்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. நீ பாத்துடக் கூடாதுன்னு கொட்டகைக்குப் பின்னால கொட்டியிருக்கேன்."

ஜுமாகுல் அவர் மடியிலிருந்த பெட்டூனியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் அறுக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

குபாத் தலையாட்டினார். "கெட்டதா?"

"தெரியாதாம். எடுத்தாத்தான் தெரியுமாம்."

அவர் பெட்டூனியாத் தட்டை மெல்ல முன்பலகைமேல் வைத்தார். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஜுமாகுல்லுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, டாக்ஸியில் வரவில்லை. தக்காளித் தட்டுகளுக்கு நடுவே, இன்ஜின் சத்தத்தில், சத்தம் போட்டே அழுதாள். அவர் அழவேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை.

நாற்றை விற்றது ஸோயாதான். சந்தையில் நின்று, வாங்க வந்தவர்களை வாங்காமல் போகவிடாமல் வசவோடு விற்றாள். வேன் புகையோ வெளிச்சக் குறைவோ, தக்காளி நாற்றின் அடியிலை எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. "இதென்ன ஜுமாகுல் நாத்தா? நோஞ்சானா இருக்கே" என்றார்கள். "நீயும் ரெண்டு நாள் வண்டியில குந்திப் பாரு, எப்படி இருப்பேன்னு தெரியும்" என்றாள் ஸோயா. அந்த வருஷம் தக்காளி தாமதமாகத்தான் காய்த்தது. பாதியைப் பச்சையாகவே பறித்து ஊறுகாய் போட்டார்கள். கைராசியைப் பற்றி இரண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஜுமாகுல்லுக்கு அது காதில் ஏறவில்லை.

அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுபடி காத்திருப்பு. மகளின் அறையில், இடதுகையைத் தூக்க முடியாமல், தலையணைமேல் வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். போன் அடிக்கும்போதெல்லாம் நூர்ஜாத் கையிலிருந்த தையல் ஊசியை வைத்துவிடுவாள்.

ஒரு முற்பகலில் டாக்டரம்மாவே பேசினார். கெட்டது இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டியாகவேண்டும். ஜுமாகுல் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு போனை மகளிடம் கொடுத்து, அவளிடமும் சொல்லச் சொன்னாள்.

குபாத்தைக் கூப்பிட்டபோது அவர் புதுப் போனை எடுத்த சத்தமும், வண்டி ஓரங்கட்டுகிற சத்தமும் கேட்டன. பின்னால் ஜனங்களின் பேச்சு. "சித்த இருங்க, வீட்லேர்ந்து" என்று அவர்களிடம் சொன்னார். பேச்சு அடங்கியது.

"ஏங்க, அது கெட்டது இல்லியாம்."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. யாரோ ஒரு பொம்பளை, "என்னவாம்ப்பா?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

பிறகு அவர் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சாப்ட்டியா?" என்றார்.